ஒரு வெள்ளி கூடுதலாகச் செலுத்தியதால் காலாவதியான குத்தகை நீட்டிப்பு

அனுப்புநர்:
இ. குழந்தைவேலு (வயது 68),
ஓய்வுபெற்ற தோட்ட ஸ்டோர் கிராணி,
மனை எண் 417, கம்போங் பாயா செனாய்,
மெர்போக் வழி, கெடா.

பெறுநர்:
திரு. சிவநேசன் அவர்கள்,
துணை நில அதிகாரி,
பாயா செனாய் நில அலுவலகம்,
கெடா.

பொருள்: மனை எண் 417-இன் குத்தகை நீட்டிப்புக்கு விதிக்கப்பட்ட தொகையைவிட ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகச் செலுத்தியதால் ஒப்புதல் காலாவதியானமை, முதலில் விதித்த தொகையையே ஏற்றுக்கொள்ளுமாறு கோருதல்.

பார்வை: 18.2.2025, 8.5.2025, 14.10.2025 ஆகிய தேதியிட்ட தங்கள் அலுவலகக் கடிதங்கள் மூன்று.

மதிப்புமிக்க ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். என் மகள் ரூபினி மலாயில் எழுதித் தந்த மனுவையும் இத்துடன் இணைத்துள்ளேன். அது ஒரு பக்கம்தான். கோப்புக்கு அதுவே போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு வரியை நான் பேனாவால் அடித்திருக்கிறேன். அதை ஏன் அடித்தேன் என்று விளக்க மலாயில் எனக்குப் போதிய சொல் இல்லை. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று முகப்பில் பணிபுரியும் அம்மையார் சொன்னார். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

2. மேற்படி மனை 1966-ஆம் ஆண்டு மார்ச் மாதம் என் தகப்பனார் இருளப்பன் பெயருக்கு அறுபது ஆண்டுக் குத்தகையில் வந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. லயத்து வீட்டை விட்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றவர்களில் பதினெட்டுக் குடும்பங்களுக்குச் சாலையோரம் மனை கிடைத்தது. அறுபது ஆண்டு என்று கேட்டபோது என் தகப்பனார் சிரித்தாராம். "அறுவது வருசம் யாரு உக்காந்து எண்ணப் போறா" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். எண்ணுவதற்கு நான் உட்கார்ந்திருக்கிறேன். 11.3.2026 அன்று அந்தக் காலம் முடிகிறது. மனை இப்போது என் ஒருவன் பெயரில் உள்ளது. எனக்கு வேறு நிலமோ வீடோ கிடையாது.

3. என்னைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டியுள்ளது. அது இந்த வழக்கோடு சம்பந்தப்பட்டது. நான் முப்பத்தோரு ஆண்டுகள் தோட்ட ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். உரமூட்டை, மருந்து, கத்தி, வாளி எல்லாம் என் சீட்டு இல்லாமல் வெளியே போகாது. ஒரு மூட்டை கூட்டி எழுதிய சீட்டை நான் திருப்பி அனுப்பினால், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வெயிலில் இரண்டு மைல் நடந்து போய்த் திருத்திக்கொண்டு வருவார். என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் என்னை என்ன பெயர் வைத்து அழைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆகவே, 8.5.2025 அன்று என் பணத்தைத் திருப்பி அனுப்பிய தங்கள் கணக்குப் பிரிவு அதிகாரி மீது எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். இன்னும் கொஞ்சம் கடுமையான கடிதமாகவே எழுதியிருப்பேன்.

4. நடந்தது இது. 2024 ஜூன் மாதம் குத்தகையை மேலும் அறுபது ஆண்டு நீட்டிக்க விண்ணப்பித்தேன். 18.2.2025 தேதியிட்ட கடிதத்தில் ஒப்புதல் வந்தது. 23,400 வெள்ளியை மூன்று மாதத்துக்குள், அதாவது 18.5.2025-க்குள் செலுத்த வேண்டும், தவறினால் ஒப்புதல் தானாகவே காலாவதியாகும் என்று அதில் இருந்தது. அந்தத் தொகை எப்படிச் சேர்ந்தது என்பது தங்கள் அலுவலகத்துக்குத் தேவையில்லாத கதை. என் மனைவி குணசுந்தரியின் கையில் கிடந்த இரண்டு வளையல்களும் அதில் சேர்ந்தன என்று மட்டும் சொல்லி விடுகிறேன். கழற்றும்போது கை வீங்கியிருந்ததால் சோப்பு நுரை போட வேண்டியிருந்தது. சர்க்கரை நோய் அவள் சிறுநீரகத்தைத் தொட்டு ஓராண்டு ஆகியிருந்தது. கண் பார்வை அதற்கு முன்பே மங்கிவிட்டது.

5. 4.5.2025, ஞாயிற்றுக்கிழமை, நம் கெடாவில் வேலை நாள்தானே, வங்கியில் டிராஃப்ட் எடுக்கப் போனோம். நான் தனியாகப் போகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. வீட்டுக்குப் பணம் கட்டும்போது தானும் இருக்க வேண்டும் என்று, கல்யாணங்களுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் பாரத்தை நிரப்பினேன். தொகை எழுதும் இடத்துக்கு வந்ததும் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏங்க, மொட்டையா எழுதாதீங்க. ஒரு வெள்ளி சேத்துப் போடுங்க."

6. தாங்கள் தமிழர். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் கோப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நம்மவர்கள் நல்ல காரியத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பூஜ்யத்தில் முடிப்பதில்லை. கல்யாண மொய் ஐம்பது என்றால் ஐம்பத்தொன்று, நூறு என்றால் நூற்றொன்று. என் மனைவி இந்த விஷயத்தில் எவரையும்விட உறுதியானவள். 1987-இல் எங்களுக்குக் கல்யாணமாகி முதன்முதலாக மெர்போக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நான் பத்து வெள்ளி மொய் எழுதப் போனேன். பக்கத்தில் நின்று, புதுப்பெண் என்ற கூச்சம்கூட இல்லாமல், "பதினொன்னா எழுதுங்க, பத்துல நிறுத்துனா அதோட முடிஞ்ச மாதிரி ஆயிடும், ஒன்னு வச்சாத்தான் மேல போகும்" என்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம் மோட்டார்சைக்கிளில் அவளோடு சண்டை போட்டேன். பத்து என்றால் பத்துதான், கணக்குக்கு நல்ல காரியம் கெட்ட காரியம் தெரியாது என்றேன். அதிலிருந்து முப்பத்தெட்டு ஆண்டுகள், ஒவ்வொரு கல்யாணத்துக்கும், காதுகுத்துக்கும், கிரகப்பிரவேசத்துக்கும் அவள் அந்த ஒரு வெள்ளியை வைக்கச் சொல்வதும் நான் முணுமுணுத்துக்கொண்டே வைப்பதும் நடந்துவந்தது. அது எங்கள் வீட்டின் நிரந்தரச் சண்டை.

7. அன்று வங்கியில் மட்டும் நான் எதிர்த்துப் பேசவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரக்கூடத் தெம்பு இல்லாமல் பக்கத்துச் சுவரில் தோளைச் சாய்த்திருந்தாள். ஒரு வெள்ளிக்காக இவளோடு இனியும் சண்டை போடுவதா என்று தோன்றியது. 23,401 என்று எழுதினேன். முகப்பில் இருந்த பெண் தங்கள் அலுவலகக் கடிதத்தையும் என் பாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளி கூடுதலாக இருக்கிறதே பாக்சிக், சரிதானா என்று மலாயில் கேட்டாள். எங்கள் ஆடாட், எங்கள் வழக்கம் என்றேன். இந்த நாட்டில் ஆடாட் என்று சொன்ன பிறகு யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அவளும் சிரித்துவிட்டு அச்சடித்துக் கொடுத்தாள். தொகை குறைந்தால்தான் திருப்புவார்கள், கூடினால் திருப்பமாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். முப்பத்தோரு ஆண்டுகள் கூட்டி எழுதிய சீட்டுகளைத் திருப்பியவன் அப்படி நினைத்தேன்.

8. மறுநாள் 5.5.2025 அன்று தங்கள் அலுவலக முகப்பில் டிராஃப்டை ஒப்படைத்தேன். வரிசை நீளமாக இருந்தது. முகப்பில் இருந்தவர் உறையை வாங்கிக்கொண்டு என் நகலில் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த நகலை இணைத்துள்ளேன். கெடு முடியப் பதின்மூன்று நாட்கள் இருந்தன. இது முக்கியம் என்பதால் கோடிட்டுள்ளேன்.

9. 8.5.2025 அன்று, செலுத்திய தொகை விதித்த தொகையோடு ஒத்துப்போகவில்லை, சரியான தொகையைக் கெடுவுக்குள் செலுத்தவும் என்று எழுதி, டிராஃப்டையும் வைத்துச் சாதாரண அஞ்சலில் தங்கள் அலுவலகம் அனுப்பியது. மறுநாள் குணசுந்தரிக்கு மூச்சுத் திணறி, அவளை அலோர் ஸ்டார் மருத்துவமனையில் சேர்த்தோம். வீடு பூட்டிக் கிடந்தது. ரூபினி கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து அங்கிருந்தே நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுவாள். எங்கள் தபால் பெட்டிக்கு மூடி சரியாக நிற்காது. மழை பெய்தபோது பக்கத்து வீட்டு ஷம்சியா உள்ளே கிடந்த கடிதங்களை எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தன் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் பத்திரமாக வைத்திருந்தார். அவர் சாலை முனையில் நாசி லெமாக் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷி.

10. மாற்றுத்துணி எடுப்பதற்காக 27.5.2025 அன்று வீட்டுக்கு வந்தேன். ஷம்சியா பையைக் கொண்டுவந்து கொடுத்தார். வேலி ஓரத்தில் நின்றே பிரித்தேன். என் டிராஃப்ட் என் கைக்கே திரும்பி வந்திருந்தது. கெடு முடிந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. என் முகத்தைப் பார்த்து ஷம்சியா அழ ஆரம்பித்துவிட்டார். "கவர்மெண்டு கடுதாசிண்ணே, நான் எப்படி பிரிக்கிறது, ஒரு போன் அடிச்சிருக்கலாமேண்ணே நான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு அன்று அழுகை வரவில்லை. பேருந்தில் அலோர் ஸ்டார் போகும்போது, கணக்கு தப்பாது என்று பெயர் வாங்கியவன் நான்தானே என்று மட்டும் நினைத்துக்கொண்டு போனேன்.

11. மறுநாள் 28-ஆம் தேதி, இருக்கிற எல்லாத் தாள்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முகப்பு அம்மையார் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, ஒப்புதல் காலாவதியாகிவிட்டது, இனிப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார். குரல் தணிந்து, வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு ஒரு கோப்பைத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

12. இனி எழுதப் போவது எந்த விதிக்கும் உட்பட்டதல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று தங்களுக்குப் புரியாது.

அன்று சாயங்காலம் மருத்துவமனைக்குத் திரும்பினேன். குணசுந்தரி விழித்திருந்தாள். நான் போய் உட்கார்வதற்குள் கேட்டாள்: "ரசீது குடுத்துட்டாங்களா?" நிலத்தைப் பற்றி மூன்று வாரமாக அவள் கேட்கவே இல்லை. அன்று பார்த்துக் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். காட்டுங்கள் என்றாள். என் பையில் இவ்வாண்டு நிலவரி கட்டிய ரசீது இருந்தது. ஏப்ரலில் அதே முகப்பில் கட்டியது, அதே அலுவலக முத்திரை. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அவளால் எழுத்தைப் படிக்க முடியாது. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முத்திரையின் நீல நிறத்தைப் பார்த்தாள். விரலால் தடவினாள். பிறகு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். ஒற்றிக்கொண்டு, இத்தனை ஆண்டுச் சண்டையில் கடைசியாகத் தான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னாள்: "அந்த ஒரு வெள்ளி வச்சது நல்லதாப் போச்சு, பாத்தீங்களா."

ஆமாம் என்றேன். ரூபினி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். வெளியே போய்விட்டாள்.

13. அதன் பிறகு பதினான்கு நாட்கள் குணசுந்தரி இருந்தாள். அந்தப் பதினான்கு நாளும் வீட்டைப் பற்றியே பேசினாள். மருந்து கொடுக்க வந்த தாதியிடம், எங்கள் வீட்டுக்கு இன்னும் அறுபது வருஷம் வந்துவிட்டது என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். அந்தப் பெண்ணும் நல்லது மாக்சிக் என்று வாழ்த்திவிட்டுப் போனாள். வீடு நம்முடையதாக நிலைக்குமோ நிலைக்காதோ என்று பயந்து இத்தனை நாள் கை வைக்காமல் விட்டிருந்த வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சமையலறைப் பக்கத்துக் கூரையை முதலில் மாற்றச் சொன்னாள். இனிப் பயமில்லாமல் செலவு பண்ணலாம் என்றாள். 11.6.2025 விடியற்காலையில் அவள் காலமானாள்.

14. ஆகஸ்ட் மாதம் அந்தக் கூரையை மாற்றினேன். மார்ச்சில் கைவிட்டுப் போகக்கூடிய வீட்டுக்கு யாராவது புதுக் கூரை போடுவார்களா என்று ரூபினி கேட்டாள். நியாயமான கேள்விதான். அவள் சொல்லிவிட்டுப் போனது, நான் செய்தேன், அவ்வளவுதான்.

15. இதற்கிடையில் ஜூலையில் புதிதாக விண்ணப்பித்திருந்தேன். தீபாவளிக்கு முதல் நாள் பதில் வந்தது. இவ்வாண்டு எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. 14.10.2025 தேதியிட்ட அந்தக் கடிதத்தில் நீட்டிப்புக்கான தொகை 61,750 வெள்ளி என்று இருந்தது. ஜூலை முதல் புதிய மதிப்பீட்டு அட்டவணை நடப்புக்கு வந்துவிட்டதாகவும், முன்புறச் சாலை அகலமாக்கப்பட்டதால் எங்கள் வரிசை மனைகளின் மதிப்பு உயர்ந்துவிட்டதாகவும் விளக்கம் சொன்னார்கள். சாலையை அகலமாக்கும்போது எங்கள் வாசலில் மூன்று அடி போயிற்று. அதனால் மதிப்பு உயரும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

16. இத்தொகைக்கு எனக்கு வழி இல்லை. ரூபினி மூன்று வங்கிகளில் கடன் கேட்டாள். குத்தகை முடிய மாதக் கணக்கில்தான் இருக்கிறது, அந்த நிலத்தின் பேரில் கடன் கொடுக்க முடியாது என்று மூன்று வங்கிகளும் சொல்லிவிட்டன. நீட்டித்த பிறகு வாருங்கள் என்றார்கள். நீட்டிப்பதற்குத்தான் கடன் கேட்கிறோம் என்பதை அவர்களுக்குப் புரிய வைக்க அவளால் முடியவில்லை. விற்றுவிட்டுப் போகலாம் என்றாலும், மூன்று மாத ஆயுள் உள்ள மனையை வாங்க எவன் வருவான்? புதிய கெடு 14.1.2026 அன்று முடிகிறது.

17. இப்போது அந்த அடித்த வரிக்கு வருகிறேன். ரூபினி எழுதிய மலாய் மனுவில், "அதிகம் படிக்காத என் மறைந்த மனைவியின் அறியாமையால் இத்தவறு நேர்ந்தது" என்று ஒரு வரி இருந்தது. நான் அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்ததும் ரூபினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அப்படி எழுதினாத்தான் எரக்கப்படுவாங்க. அம்மா இப்ப இல்லலா. இருந்தா அவங்களே எழுதச் சொல்லியிருப்பாங்கப்பா, கோவிச்சுக்க மாட்டாங்கலா" என்றாள். அவள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தன் பெயரைப் போட்டு வீடு தப்பிக்கும் என்றால் குணசுந்தரி உடனே சம்மதித்திருப்பாள். ரூபினியையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய மனு அது. தாயையும் இழந்து வீட்டையும் இழக்கப் போகிற பிள்ளை.

18. ஆனாலும் அந்த வரி உண்மை அல்ல. பாரத்தை நிரப்பியது என் கை. விதித்த தொகை இன்னது என்று எழுதிய கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. ஒத்துப்போகாத சீட்டு திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவள் கேட்டது வீடு நீடித்து நிற்க வேண்டும் என்று. அவள் கேட்டதைத் தட்ட மனம் வராமல் எழுதியவன் நான். எனவே தங்கள் கோப்பில் யாருடைய தவறு என்று ஒரு பெயர் எழுத வேண்டிய கட்டம் வந்தால், தயவுசெய்து என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ரூபினியிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த வரியை அடித்தேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே மனுவை நகலெடுத்து உறையில் போட்டுக் கொடுத்தாள்.

19. ஐயா, பணம் குறைத்துக் கட்டியிருந்தால் நான் இப்படி வந்து நிற்கமாட்டேன். கெடு தவறி வந்திருந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன். கெடு முடியப் பதின்மூன்று நாள் இருக்கும்போது, கேட்டதற்கு மேல் ஒரு வெள்ளி கொடுத்தோம். அதற்கு முப்பத்தெட்டாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டச் சொல்வது நியாயமாகாது என்று என் சிற்றறிவுக்குப் படுகிறது. விதி விதிதான். நானும் விதியோடு குடும்பம் நடத்தியவன்தான். ஆனால் ஸ்டோரில் இருந்தபோது, ஒருமுறை விதியைப் பார்க்காமல் ஒரு மண்டோருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் பிள்ளை இறந்த மறுவாரம் அது. அதற்காக யாரும் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. தோட்டமும் மூழ்கிப் போகவில்லை.

20. ஆகவே நான் பணிவோடு கேட்பது இதுதான். 5.5.2025 அன்று முகப்பில் முத்திரையிட்டுப் பெற்றுக்கொண்டதைக் கெடுவுக்குள் செலுத்தியதாகக் கருதி, பழைய ஒப்புதலை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவர ஆவன செய்யுங்கள். டிராஃப்ட் பணத்தை வங்கியிலிருந்து திரும்பப் பெற்று அப்படியே வைத்திருக்கிறேன், கூரைச் செலவுக்குக்கூட அதைத் தொடவில்லை. உத்தரவு வந்த மறுநாளே 23,400 வெள்ளியைச் சரியாகச் செலுத்தி விடுகிறேன். அது தங்கள் அதிகாரத்துக்கு மீறியது என்றால், என் மனுவை மாநில அளவில் முடிவெடுக்கக்கூடியவர்களுக்குத் தங்கள் பரிந்துரையோடு அனுப்பி, முடிவு வரும்வரை 14.1.2026 என்ற கெடுவை நிறுத்தி வையுங்கள். அதுவும் இயலாது என்றால், புதிய தொகையைத் தவணையில் கட்ட அனுமதி கொடுங்கள். எத்தனை ஆண்டுத் தவணை என்றாலும் சரி, எனக்குப் பின் கட்டுவதற்கு ரூபினி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறாள். மூன்று கடிதங்கள், முத்திரையிட்ட நகல், திரும்பி வந்த டிராஃப்டின் நகல், மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டு, இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

21. இன்னும் ஒரே ஒரு விண்ணப்பம். இது செலவில்லாதது, தங்களால் உறுதியாகச் செய்ய முடிந்தது. குணசுந்தரிக்குப் பார்வை மங்கியதிலிருந்து, வீட்டுக்கு வரும் கடிதம் எதுவானாலும் நான் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். மின்சாரக் கட்டணமானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி. அவள் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவள் படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படிக்கிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்து அக்டோபரில் வந்த கடிதத்தை மட்டும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய் ஷம்சியா கடையில் வைத்துப் பிரித்தேன். ஆகவே தங்கள் முடிவு சாதகமாக இருந்தால் அஞ்சலில் வீட்டுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். ரூபினியின் கைப்பேசிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானே முகப்புக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கடிதம் வீட்டுக்கு வரக்கூடாது, ஐயா. அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

தங்கள் முடிவை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
இ. குழந்தைவேலு

இடம்: கம்போங் பாயா செனாய், மெர்போக் வழி
நாள்: 14.12.2025